பழைய கணினியில் பிரவுசர் திணறுகிறதா? மெமரியைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோனை ஒட்டிய கணக்கறை, நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ், ஈரோட்டு மஞ்சள் மண்டி என்று எங்கே போனாலும் மேசை மேல் ஒரு பழைய கணினி உழைத்துக்கொண்டிருக்கிறது. 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க், எப்போதோ வாங்கிய விண்டோஸ். கணக்கு மென்பொருள் அதில் தடையில்லாமல் ஓடும். பிரவுசரைத் திறந்த பிறகுதான் மவுஸ் நகர மறுக்கிறது.

விசாரித்தால் "புதுசு வாங்கிவிடுங்கள்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. நூல் விலையையும் கூலியையும் கணக்குப் பார்த்துத் தொழில் நடத்துகிறவரிடம் அப்படிச் சட்டென்று சொல்லிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெரும்பாலான கணினிகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயுள் இருக்கிறது. எது மெமரியை, அதாவது அந்த ரேமைத் தின்கிறது என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் நிறுத்தினால் போதும். செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் எங்கே செய்வது என்பதையும் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

கணினி மெதுவாக இருப்பதற்கு மெமரிதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு (கணக்குப் போடும் பிராசஸர்), மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளின் மேலே சதவீதம் தெரியும். கணினி திணறும் அந்த நேரத்திலேயே இதைப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை.

மெமரி 90 சதவீதத்தை ஒட்டியும், டிஸ்க் 100 சதவீதத்திலும் நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் உங்களுக்குத்தான். மெமரி பாதியளவிலேயே இருக்க, சிபியு மட்டும் உச்சத்தில் நிற்கிறது என்றால் கோளாறு வேறு. பஞ்சைப் பற்றிய கேள்வியைக் கீழே பாருங்கள். மூன்றுமே குறைவாக இருந்தும் பக்கம் மட்டும் வரவில்லை என்றால், இணைய இணைப்பு அல்லது எதிர்முனையில் இருக்கும் தளம்தான் காரணம். மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்காருகிறார்கள். அன்றைக்குத் தளம் சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்கு உங்கள் ரேம் பொறுப்பல்ல.

ரேம் நிறைந்தால் ஏன் இவ்வளவு மோசமாக மெதுவாகிறது?

பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். டேபிள் மேல் விரித்த துணியை உடனே வெட்டலாம். டேபிள் நிறைந்துவிட்டால், விரித்ததில் கொஞ்சத்தைச் சுருட்டிக் குடோனுக்கு அனுப்பி, வேண்டியபோது மறுபடி கொண்டுவந்து விரிக்க வேண்டும். ரேம்தான் அந்த டேபிள், ஹார்டு டிஸ்க் குடோன். ரேம் தீர்ந்ததும் விண்டோஸ் அதிலிருப்பதில் ஒரு பகுதியை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்பில் எழுதிவைக்கிறது. நீங்கள் அந்த டேபுக்குத் திரும்பியதும் அங்கிருந்து படித்து எடுக்கிறது. சுழலும் ஹார்டு டிஸ்க் ரேமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. கணினியின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிவதும், உள்ளே கரகரவென்று சத்தம் வருவதும் இந்தப் போக்குவரத்தால்தான்.

ஆகவே 85 சதவீதம் வரை ஓரளவு சரியாக ஓடிய கணினி, இன்னும் இரண்டு டேப் திறந்ததும் அப்படியே படுத்துவிடும். உங்கள் வேலையை அந்த எல்லைக்கு உள்ளேயே வைத்துக்கொண்டால் போதும், பழைய கணினியும் ஒழுங்காக நடக்கும்.

பத்துப் பன்னிரண்டு டேப்தானே திறந்திருக்கிறேன், அதற்கு 2 ஜிபி எப்படி ஆகும்?

இன்றைய இணையப் பக்கம் ஒவ்வொன்றும் ஒரு தனி மென்பொருள் மாதிரிதான். 2008இல் குரோம் வந்தபோதே டேப்களைத் தனித்தனிப் பிராசஸ்களில், அதாவது ஒன்றையொன்று சாராத தனி ஓட்டங்களாக ஓட்டும் முறையோடு வந்தது. ஒரு டேப் உறைந்தால் மற்றவை பிழைக்கும் என்பது அதன் லாபம். ஒவ்வொன்றுக்கும் தனியாக மெமரி ஒதுக்க வேண்டும் என்பது அதன் விலை. பிற பிரவுசர்களும் பின்னால் இதே வழிக்கு வந்தன.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு தளத்தின் நிரல், மெமரியில் இருக்கும் இன்னொரு தளத்தின் தகவலை மறைமுகமாகப் படிக்க வாய்ப்பு உண்டு என்பது அதன் சாரம். அதே ஆண்டில் குரோம் தன் 67ஆம் பதிப்பிலிருந்து, வெவ்வேறு தளங்களைக் கட்டாயமாக வெவ்வேறு பிராசஸ்களில் பிரித்து வைக்கத் தொடங்கியது. இதனால் மெமரிச் செலவு 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தால், அதற்குள் வேறு தளங்களிலிருந்து வரும் விளம்பரங்களும் வீடியோவும் தனித்தனிப் பிராசஸ்களாகச் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரிவது ஒரு டேப். உள்ளே ஓடுவது ஐந்தாறு.

அந்தப் பிரிவை நிறுத்திவிட்டால் மெமரி மிச்சமாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்யலாமா?

வேண்டாம். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் திறக்கும் கணினியில் அந்தச் சுவரை இடிக்கவே கூடாது. கிடைக்கும் மிச்சமும் சொற்பம்தான்.

எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். குரோமிலோ எட்ஜிலோ இருக்கும்போது ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசருக்கென்றே உள்ள டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்தால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே விசைகள்தாம். அங்கே அது ஒரு தனி டேபாகத் திறக்கும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் இந்தப் பட்டியலை அங்கிருந்த கணக்காளருடன் உட்கார்ந்து பார்த்தேன். "அண்ணா, ஜிஎஸ்டி தளம்தான் இழுக்கிறது" என்று அவர் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டியலில் அது நடுவில் எங்கோ சாதுவாகக் கிடந்தது. முதலிடத்தில் இருந்தது காலையிலிருந்து திறந்தே கிடந்த வாட்ஸ்அப் வெப். அடுத்தது, பாதிப் பாட்டில் நிறுத்திவைத்த யூடியூப். அதற்குக் கீழே 'சப்ஃப்ரேம்' என்று தொடங்கும் வரிகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே ஒரு செய்தித் தளத்தின் விளம்பரப் பெட்டிகள். அதற்கும் கீழே, பிடிஎஃப் மாற்றித் தருவதாகச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகப் போடும் துணை நிரல்) ஒன்று. யார் அதைப் போட்டது என்று ஆபீஸில் எவருக்கும் நினைவில்லை. யூடியூபையும் செய்தித் தளத்தையும் மூடி, எக்ஸ்டென்ஷனை நீக்கி, வாட்ஸ்அப் பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தோம். அதன் பிறகு இ-வே பில் பக்கம் தயக்கமில்லாமல் திறந்தது.

பட்டியலில் 'பிரவுசர்', 'ஜிபியு பிராசஸ்' என்று இருக்கும் வரிகளைத் தொடாதீர்கள். அவை பிரவுசரின் உள்ளுறுப்புகள். டேப், சப்ஃப்ரேம், எக்ஸ்டென்ஷன் என்று வருபவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

டேப்களை மூட மனமில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. பயன்படுத்தாத டேபை மெமரியிலிருந்து இறக்கிவிட்டு, பெயரை மட்டும் மேலே வைத்திருக்கும் வசதி இப்போது எல்லாப் பிரவுசர்களிலும் வந்துவிட்டது. குரோமில் செட்டிங்ஸ் போய் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' என்பதை இயக்குங்கள். மூன்று நிலைகள் இருக்கும். 4 ஜிபி கணினிக்கு நான் கடைசி நிலையான 'மேக்ஸிமம்' என்பதைத்தான் வைப்பேன். எட்ஜில் இதன் பெயர் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்'. அது 2021இலேயே வந்துவிட்டது. எவ்வளவு நேரம் தொடாமல் இருந்தால் தூங்க வைக்க வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஐந்து நிமிடம் வையுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ், விண்டோஸில் மெமரி தீரும் நிலை வந்தால் தானாகவே பழைய டேப்களை இறக்கும். 2025இல் வந்த 140ஆம் பதிப்பிலிருந்து, டேபின் மேல் வலது கிளிக் செய்து நாமே அதை இறக்கவும் முடியும். இறக்கிய டேபை மறுபடி கிளிக் செய்தால் பக்கம் புதிதாக ஏறும். சில நொடிகள் ஆகும், அவ்வளவுதான்.

பாதி நிரப்பிய ஃபார்ம் அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். இன்வாய்ஸ் விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி வைத்துவிட்டு, போன் வந்து எழுந்து போய்த் திரும்பினால் பக்கம் வெறுமையாக நிற்பதுபோல் எரிச்சலூட்டுவது வேறில்லை. குரோமின் மெமரி சேவர், பாதி நிரப்பிய ஃபார்ம் உள்ள டேப், பாட்டோ வீடியோவோ ஓடும் டேப், எதையோ டவுன்லோடு செய்துகொண்டிருக்கும் டேப், 'பின்' செய்து ஓரத்தில் நிலையாக நிறுத்திய டேப் ஆகியவற்றைப் பொதுவாகத் தொடாது. ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். 'இந்தத் தளங்களை எப்போதும் இயக்கத்தில் வை' என்ற பொருளில் ஒரு பட்டியல் அதே செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி, இ-வே பில், உங்கள் வங்கி மூன்றையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி தளமும் வங்கித் தளங்களும் சில நிமிடங்கள் தொடாமல் விட்டால் பாதுகாப்புக்காகத் தாங்களே வெளியேற்றிவிடும். அதை எந்த மெமரி செட்டிங்ஸாலும் மாற்ற முடியாது. அவ்வப்போது 'சேவ்' அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் வெப் இல்லாமல் வேலையே நடக்காது. அதை எப்படிச் சமாளிப்பது?

ஆர்டர், டிசைன் படம், லாரி ரசீது, பேங்க் ஸ்லிப் எல்லாமே இன்று அதில்தான் வருகின்றன. மூடிவிடுங்கள் என்று சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அது ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் வழி கிடைக்கும். திறந்த அரட்டைகளும், மேலே மேலே உருட்டிப் பார்த்த படங்களும் அந்தப் பக்கத்தின் மெமரியில் சேர்ந்துகொண்டே போகின்றன. காலையில் லேசாக இருந்த பக்கம் மாலையில் இரண்டு மடங்கு கனக்கும். எஃப்5 அழுத்திப் புதுப்பித்தால் சேர்ந்தது பெரும்பாலும் இறங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது ஒருமுறை அழுத்துங்கள், போதும்.

டேபை மூடுவதால் லாக்-இன் போகாது. தேவைப்படும்போது திறந்தால் க்யூஆர் குறியீட்டை மறுபடி காட்ட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் அமைப்புகளில் தானாகப் படங்களும் வீடியோக்களும் இறங்குவதை நிறுத்திவைப்பதும் உதவும். கணினியில் தனி ஆப் போட்டால் மெமரி குறையும் என்று கணக்குப் போட வேண்டாம். இப்போதைய டெஸ்க்டாப் ஆப்களில் பல, உள்ளே ஒரு பிரவுசர் இன்ஜினையே சுமந்துகொண்டுதான் வருகின்றன. போட்டுப் பார்த்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் எண்ணை ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் நீக்கிவிட வேண்டுமா?

பயன்படுத்தாதவை அனைத்தையும் நீக்குங்கள். எக்ஸ்டென்ஷன் என்பது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கூடவே ஓடக்கூடியது. கூப்பன் தேடித் தருபவை, பிடிஎஃப் மாற்றுபவை, தேடல் பக்கத்தை மாற்றிவிட்டவை, வானிலை சொல்பவை எல்லாம் மெமரியைத் தின்பதோடு, நீங்கள் திறக்கும் பக்கங்களைப் படிக்கும் அனுமதியையும் வாங்கி வைத்திருக்கலாம். எனக்கு இரண்டாவது காரணம்தான் பெரியது.

ஒன்றை மட்டும் நான் போடச் சொல்வேன், நல்ல விளம்பரத் தடுப்பான். அதுவும் கொஞ்சம் மெமரி எடுக்கும். ஆனால் விளம்பரம் குவிந்த ஒரு பக்கத்திலேயே எடுத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் முழு வலிமையோடு ஓடுகிறது. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டதால் அங்கே அதன் லைட் வடிவம்தான் கிடைக்கும். பழைய கணினிக்கு அதுவே போதுமானது. நீங்கள் மதித்துப் படிக்கும் செய்தித் தளம் விளம்பர வருமானத்தை நம்பி நடக்கிறது என்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை விலக்கி வையுங்கள். ஒரு கிளிக்தான்.

திரையின் ஓரத்தில் ஏதேதோ அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதுவும் காரணமா?

ஓரளவு. முட்டை விலை, மஞ்சள் விலை, கொப்பரை விலை தேடிப் போகும்போது சில தளங்கள் 'அனுமதி' என்ற பொத்தானை நீட்டும். அவசரத்தில் அழுத்தியிருப்பீர்கள். அதன் பிறகு அந்தத் தளம் மூடியிருந்தாலும் பிரவுசர் அதற்காக எழுந்து எழுந்து வேலை செய்யும். செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியைத் திறந்து, தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். "உங்கள் கணினியில் வைரஸ்" என்று பயமுறுத்தும் பெட்டிகளில் பாதி இப்படி வருபவைதாம். அவற்றை ஒருபோதும் கிளிக் செய்யாதீர்கள்.

பிரவுசரை மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் அது ஓடுவதாகக் காட்டுகிறதே?

குரோமில் செட்டிங்ஸ், 'சிஸ்டம்' பகுதியில், பிரவுசரை மூடினாலும் பின்னணியில் ஆப்களைத் தொடர்ந்து ஓட்டும் ஒரு தெரிவு இருக்கிறது. அதை அணையுங்கள். எட்ஜில் அதனுடன் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்ற இன்னொன்றும் உண்டு. அது பிரவுசர் சீக்கிரம் திறப்பதற்காக அதன் ஒரு பகுதியை முன்கூட்டியே மெமரியில் ஏற்றி வைப்பது. நீங்கள் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ பயன்படுத்துகிறவர் என்றால், தொடவே தொடாத எட்ஜுக்கு அந்த இடத்தைக் கொடுத்து வைப்பதில் பொருளில்லை.

எந்தப் பிரவுசர் மிகக் குறைந்த மெமரி எடுக்கும்?

இந்தக் கேள்விக்கு ஒரே பெயரைப் பதிலாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா நான்கும் உள்ளே ஒரே குரோமியம் இன்ஜின்தான். ஒரே பக்கங்களைத் திறந்தால் அவற்றுக்கிடையே வேறுபாடு அதிகம் இராது. எத்தனை டேப், எத்தனை எக்ஸ்டென்ஷன் என்பதுதான் முடிவு செய்கிறது.

ஆனாலும் என் சிபாரிசைக் கேட்டால், கரண்ட் அடிக்கடி போகும் இடங்களில் ஃபயர்ஃபாக்ஸ். காரணம் இது: கணினி அணைந்து மறுபடி வந்ததும் பழைய டேப்களை மீட்டால், ஃபயர்ஃபாக்ஸ் நீங்கள் பார்க்கும் ஒரு டேபை மட்டும் ஏற்றும். மற்றவை பெயரளவில் நிற்கும். கிளிக் செய்தால்தான் ஏறும். இருபது டேப் வைத்திருப்பவருக்கும் தொடக்கம் லேசாக இருக்கும். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன எத்தனையோ தறிக்குடோன்களில் இது பெரிய ஆறுதல்.

பிரவுசரைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமானது, இரண்டை ஒரே நேரத்தில் திறக்காமல் இருப்பது. "வங்கிக்கு இது, மெயிலுக்கு அது" என்று குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்து ஓடினால், டேப் ஒன்றுகூட இல்லாமலேயே இரண்டின் அடிப்படைச் செலவும் விழும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கையெழுத்துக்காகக் கணினியில் செருகும் யுஎஸ்பி சாதனம்) ஒரு குறிப்பிட்ட பிரவுசரில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், அந்த வேலை முடியும்வரை மற்றதை மூடிவையுங்கள்.

கேஷை அழித்தால் மெமரி குறையுமா? இன்காக்னிட்டோ? ரேம் பூஸ்டர்?

கேஷ் என்பது பார்த்த பக்கங்களின் படம் முதலியவற்றை மறுபடி இறக்காமலிருக்கச் சேர்த்துவைப்பது. அது இருப்பது டிஸ்க்கில். அதைத் தினமும் அழித்தால் பக்கங்கள் எல்லாம் முதலிலிருந்து இறங்க வேண்டியிருக்கும், இன்னும் மெதுவாகும். இன்காக்னிட்டோ, வரலாற்றைச் சேமிக்காமல் விடுகிறது; மெமரியைச் சேமிப்பதில்லை.

ரேம் பூஸ்டர், கிளீனர் என்ற பெயரில் வருபவற்றைப் போடவே வேண்டாம். அவை ஓடும் மென்பொருள்களின் மெமரியைப் பிடுங்கிப் பேஜ் ஃபைலுக்குத் தள்ளுகின்றன. திரையில் எண் குறைந்தது போலக் காட்டும். அடுத்த கிளிக்கில் எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். இவற்றில் பல, கூடவே வேறு குப்பையையும் கொண்டுவந்து இறக்கும். கணினியைப் பற்றி அதிகம் தெரியாதவரின் பயத்தில் பணம் பார்க்கும் இந்த வியாபாரம் எனக்குக் கோபமூட்டுகிறது.

மெமரி சரியாகவே இருக்கிறது, ஆனாலும் பிற்பகலில் மெதுவாகிவிடுகிறது. ஏன்?

நம் ஊர்க் காரணம் இது: பஞ்சு. நிட்டிங், தறி, கட்டிங் நடக்கும் இடத்தில் காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி கணினியின் ஃபேனுக்குள் புகுந்து, பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் மெத்தை போல அடைத்துக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லாதபோது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கேட்கவே வேண்டாம். சிபியு உச்சத்தில் நிற்க, ஃபேன் ஓயாமல் கத்தினால் சந்தேகம் வேண்டியதில்லை.

கணினியை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுக் கதவைக் கழற்றுங்கள். ஃபேன் இறக்கையைச் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் கண்டபடி சுழன்று கெட்டுப்போகலாம். அறைக்கு வெளியே வைத்து ஊதுவது நல்லது. தறிக்குடோன் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். லேப்டாப் என்றால் தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் ரேமா, எஸ்எஸ்டியா?

டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 90ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் ரேம். 4 ஜிபியை 8 ஆக்கினால், மேலே சொன்ன சிக்கனங்களில் பாதி தேவைப்படாது. மெமரி சரி, ஆனால் கணினி ஆன் ஆகவே நேரமாகிறது, எதைத் திறந்தாலும் டிஸ்க் 100 என்றால் எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். கையில் பணம் இருந்தால் இரண்டும். அப்போதும் புதுக் கணினி விலையில் ஒரு பகுதிதான் ஆகும்.

கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரியைக் கிளிக் செய்யுங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, வேகம் என்ன, எந்த வடிவம் என்று அங்கேயே எழுதியிருக்கும். அதை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய தலைமுறை டிடிஆர்3 ரேம் புதிய டிடிஆர்4 ஸ்லாட்டில் நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப்பின் ரேம் நீளத்தில் குட்டையானது.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் விண்டோஸ் 32 பிட் என்றால், 8 ஜிபி போட்டாலும் அதில் 4க்கும் குறைவாகத்தான் அது பயன்படுத்தும். செட்டிங்ஸின் 'அபவுட்' பக்கத்தில் இது தெரியும். அப்படியானால் முதலில் 64 பிட் விண்டோஸ் ஏற்ற வேண்டும். அதைச் சொல்லாமல் ரேமை மட்டும் விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

இன்னும் விண்டோஸ் 7தான். பிரவுசர் பழையதாகவே இருக்கிறது. லேசாகத்தானே ஓடுகிறது, அப்படியே விடலாமா?

பாடல் கேட்க என்றால் உங்கள் விருப்பம். வங்கிக்கும் வரித் தாக்கலுக்கும் கூடாது. விண்டோஸ் 7க்குக் குரோமின் கடைசிப் பதிப்பு 109. அது 2023 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எத்தனையோ ஓட்டைகள் அதில் அடைபடாமலே இருக்கின்றன. விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

கணக்கு மென்பொருள் அந்தக் கணினியில்தான் இருக்க வேண்டும் என்றால், பண வேலைகளை மட்டும் வேறு கணினிக்கு மாற்றுங்கள். பிரவுசர் ஒன்றே போதும் என்கிற கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்ல மாற்று. இலவசம்; 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும்; அதே ஃபயர்ஃபாக்ஸ் புத்தம் புதிய பதிப்பாகக் கிடைக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உள்ளவர்கள் மட்டும், அது லினக்ஸில் வேலை செய்கிறதா என்று டோக்கன் தந்தவரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப் வீட்டில் கிடக்கிறது. 2 ஜிபி ரேம்தான். பிள்ளைகளுக்குப் பயன்படுமா?

பயன்படும். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் முதல் ஆண்டுகளில் தந்த லேப்டாப்கள் 2 ஜிபி ரேமோடு வந்தன. விண்டோஸுடன் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் அதில் இருந்தது. இன்றைய விண்டோஸையும் பிரவுசரையும் அதன் மேல் ஏற்றினால் நகராது. ஒரு நல்ல ஆளிடம் காட்டி, ரேம் ஸ்லாட்டில் இன்னும் ஒரு 2 ஜிபி ஏறுமா என்று கேளுங்கள். அந்தக் கால டிடிஆர்3 ரேம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். லுபுன்டு போன்ற லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டு, ஸிராம் என்ற வசதியை இயக்கச் சொல்லுங்கள். அது மெமரியில் இருப்பதைச் சுருக்கி மெமரியிலேயே வைப்பதால், டிஸ்க்குக்குப் போகும் அலைச்சல் குறையும்.

பிறகு பிள்ளையிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுங்கள்: ஒரே நேரத்தில் மூன்று டேபுக்கு மேல் வேண்டாம், பாட வீடியோவை 360 அல்லது 480 தரத்தில் வைத்துப் பார். விக்கிப்பீடியா, பாடநூல் பிடிஎஃப், மெயில், தட்டச்சுப் பழக்கம் எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் முதலில் அதைக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டு, சார்ஜரில் நேரடியாக ஓடுகிறதா என்று கடையில் பார்க்கச் சொல்லுங்கள்.